அடைபட்ட குரோம்பேட்டை வாசல்

கலைக் கல்லூரியில் தமிழாசிரியனின் நிலை சற்று விசித்திரமானது. பகுதி ஒன்று தமிழ் என்ற பெயரில் எல்லாத் துறை மாணவர்களும் முதலிரண்டு ஆண்டுகள் எங்கள் முன் வந்து அமர்கிறார்கள். பிறகு அவரவர் துறைக்குள் மறைந்து போகிறார்கள். ஆயினும் தம் துறை ஆசிரியர்களிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை எங்களிடம்தான் கொண்டுவருகிறார்கள். கேட்டால் செய்முறை மதிப்பெண் குறையாது என்ற துணிவு ஒரு காரணம். தமிழய்யாவுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பொறுமையாகக் கேட்பார் என்ற நம்பிக்கை மற்றொன்று.

இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்படித்தான் வந்தாள். திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒரு சிற்றூர்க்காரி.

"ஐயா, ஃபிசிக்ஸ் முடிச்சிட்டு இன்ஜினியரிங்ல மேல்படிப்பு படிக்க முடியுங்களா?"

"ஏம்மா, பன்னிரண்டாவது முடிச்ச உடனே இன்ஜினியரிங் போயிருக்கலாமே?"

"அப்ப தெரியலைங்க ஐயா. இப்பதான் தெரியுது."

எது தெரிந்தது என்று கேட்டேன். அவள் 2024 வெள்ளத்தைச் சொன்னாள். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை எங்கள் மாவட்டத்தார் எளிதில் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. தங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றதாகச் சொன்னாள். ஆனால் அவளை உறுத்திக்கொண்டிருந்தது அதுவன்று. அதற்கு மூன்றாண்டுகள் முந்தைய ஒரு காட்சி.

"தளவானூர் தடுப்பணை போச்சே ஐயா, அத எங்கப்பா கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. தண்ணி அணைக்கு மேல போகல. சுவத்துக்குப் பின்னாடி பூந்து போச்சு. ஏன் அப்படிப் போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியல. காலேஜ்ல பெர்னூலி தேற்றம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கிட்டேன். இப்பவும் தெரியல."

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ் முதுகலை முடித்து, இன்றுவரை இலக்கியத்தையன்றி வேறெதையும் கற்பிக்காத எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. ஆனால் அது நல்ல கேள்வி என்பது தெரிந்தது. அவளுக்காக நாலு பேரிடம் விசாரிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

*

திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்குப் பாதை மாறுதல் புதிய செய்தி அன்று. திருநாவலூரில் பிறந்த நம்பியாரூரர் புத்தூரில் மணக்கோலத்தில் இருந்தபோது முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து "இவன் எனக்கு அடிமை" என்று வழக்காடினார். வழக்குத் தீர்ந்த இடம் எங்கள் ஊர் அவை. மூல ஓலையின் எழுத்தை ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொன்னார்கள் என்கிறது பெரியபுராணம். தடுத்தாட்கொண்ட வரலாறு என்று இதை நாங்கள் வகுப்பில் நடத்துகிறோம்.

எனக்கு அதைவிட நெருக்கமானது இன்னொரு வரலாறு. பெண்ணாகடத்தில் பிறந்து எங்கள் ஊரில் வளர்ந்த மெய்கண்டார் சிறு பிள்ளையாக இருந்து சிவஞானபோதத்தைப் போதித்தார். அவருடைய குலகுரு, சகலாகம பண்டிதர் என்று பட்டம் பெற்ற முதியவர். பிள்ளை தம்மை வந்து வணங்கவில்லை என்ற சினத்தோடு வந்து நின்று, ஆணவத்தின் சொரூபம் எப்படி இருக்கும் என்று கேட்டார். பிள்ளை பதில் பேசாமல் அவரையே ஏற இறங்கப் பார்த்தது. பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கணமே மாணாக்கரானார், அருணந்தி சிவாசாரியர் ஆனார், சிவஞானசித்தியாரை எழுதினார்.

கற்றுமுடித்த ஒருவர் மறுபடியும் முதல் வரிசையில் அமர்வது எளிதன்று. ஒரு பட்டம் பெற்றபின், தன்னைவிட இளையவர்கள் நடுவே வரைபலகையின்முன் உட்கார்ந்து நேர்கோடு போடப் பழகும் ஓர் இயற்பியல் பட்டதாரிக்கும் அந்தப் பண்டிதரின் மனம் வேண்டும். ஆனால் அருணந்திக்கு ஒரு வசதி இருந்தது. மெய்கண்டார் வீட்டு வாசல் திறந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் உண்டா என்பதே என் கேள்வி.

*

ஒரு காலத்தில் இருந்தது. குரோம்பேட்டையில் இருந்தது.

சி. ராஜம் என்ற தொழிலதிபர் சென்னையில் தமக்கிருந்த மாளிகையை விற்று, 1949இல் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். விமானவியல், மோட்டார் வாகனவியல், மின்னணுவியல், கருவியியல் என்று அந்நாளில் மற்றப் பொறியியல் கல்லூரிகளில் காணக் கிடைக்காத பிரிவுகளை அவர் தேர்ந்தெடுத்தார். அதைவிட முக்கியமானது, யாரைச் சேர்ப்பது என்பதில் அவர் எடுத்த முடிவு. இயற்பியலிலோ கணிதத்திலோ பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் பொறியியல் படிப்பு என்று வைத்தார். அறிவியல் பட்டம் அங்கே படிப்பின் முடிவாகக் கருதப்படவில்லை, அடித்தளமாகக் கருதப்பட்டது.

அந்த வாசல் வழியே நுழைந்தவர்களில் இருவரைத் தமிழ் வாசகர்கள் நன்கறிவார்கள். இருவருமே திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள். ஏறத்தாழ ஒரே காலத்தவர்கள். ஒருவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். மற்றவர் ஸ்ரீரங்கத்து எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதா.

கலாம் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்றார். பட்டப்படிப்பின் இறுதியாண்டில்தான் இது தமக்குரிய துறையன்று, பொறியியலுக்குப் போயிருக்க வேண்டும் என்று தாம் உணர்ந்ததாக 'அக்கினிச் சிறகு'களில் சொல்கிறார். பள்ளி முடித்த நாளில் வேறு வழிகள் இருப்பதே தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் அதே நூலில் ஒப்புக்கொள்கிறார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் என்முன் நின்ற மாணவி சொன்னதும் அதே வாக்கியம்தான்: "அப்ப தெரியலைங்க ஐயா. இப்பதான் தெரியுது."

குரோம்பேட்டையில் இடம் கிடைத்தது, பணம் இல்லை. சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் அளவுக்குத் தேவைப்பட்டது. அவருடைய தமக்கை சொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பின்னாளைய ஏவுகணைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வளையல்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அந்தக் கல்லூரியின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்துகொள்ள வேண்டும் என்று தமிழில் எழுதி அவர் முதல் பரிசு பெற்றார். பரிசு கொடுத்தவர் 'துப்பறியும் சாம்பு' எழுதிய ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். இந்தச் சிறு செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இயற்பியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

சுஜாதாவின் பாதையும் அதுவே. இயற்பியலுக்குப் பின் அதே குரோம்பேட்டையில் மின்னணுவியல். பிறகு விமானப் போக்குவரத்துத் துறை. பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. அவருடைய அறிவியல் கட்டுரைகளை ஒருமுறை இந்தக் கண்கொண்டு திரும்பப் படித்துப் பாருங்கள். ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்பதோடு அவர் நிறுத்துவதில்லை. ஏன் அப்படி இயங்குகிறது என்ற கேள்விக்கும் போவார். முன்னது குரோம்பேட்டை, பின்னது திருச்சி. இரண்டும் சேர்ந்த ஒரு மனமே தமிழுக்கு அந்த உரைநடையைத் தந்தது என்பது என் துணிபு.

*

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். இயற்பியல் துறையைச் சேர்ந்த என் சக ஆசிரியர் ஒருவரும் குறுக்கிட்டார். "நல்லா இருக்கு சார் நியாயம். இருக்கிற நாலு நல்ல பிள்ளைங்களையும் இன்ஜினியரிங் அள்ளிட்டுப் போயிட்டா, அடிப்படை அறிவியலை யார் படிக்கிறது?"

இந்தக் கவலை நியாயமானதே. அதற்கும் திருச்சி புனித வளனார் கல்லூரியிலேயே ஒரு விடை இருக்கிறது.

கலாமுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னால், 1942இல், ஜி.என். ராமச்சந்திரன் அதே கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்தார். முடித்ததும் அவர் போனது பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் மின்பொறியியல் துறைக்கு. ஆம், அவரும் இயற்பியலிலிருந்து பொறியியலுக்குத் தாவியவர்தான். அங்கே சர் சி.வி. ராமனின் கண்ணில் பட்டார். மின்பொறியியலுக்கு இந்தப் பையன் மிகையான புத்திசாலி என்று சொல்லி ராமன் அவரைத் தம் துறைக்கு இழுத்துக்கொண்டதாகச் சொல்வதுண்டு. தடுத்தாட்கொள்ளுதல் என்றால் இதுதான். அந்த இளைஞர் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். 1963இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம் இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்களின் அன்றாடக் கருவியாக இருக்கிறது.

மேற்கிலும் இதற்குச் சான்றுண்டு. பால் டிராக் 1921இல் பிரிஸ்டலில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். வேலை கிடைக்காததால் கணிதம் படித்தார். 1923இல் கேம்பிரிட்ஜ் போனார். 1933இல் நோபல் பரிசு பெற்றார். தோராயங்களைச் சகித்துக்கொள்ளத் தமக்குக் கற்பித்தது பொறியியல் கல்விதான் என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு சொல்லியிருக்கிறார். டிரான்சிஸ்டரைக் கண்டவர்களில் ஒருவரான ஜான் பார்டீனும் மின்பொறியியலில் முதுகலை வரை படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்தவரே.

ஆக, இது ஒருவழிப் பாதையன்று. போனவர்களும் உண்டு, வந்தவர்களும் உண்டு. பதினேழு வயதில் ஒரு கலந்தாய்வு அரங்கில் எடுத்த முடிவு, அல்லது அரங்குக்குப் போகவே பணமில்லாமல் எடுக்கப்படாத முடிவு, வாழ்நாள் முழுதும் மாற்ற முடியாத தலையெழுத்தாக இருக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது. கதவைத் திறந்துவைத்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சி இயற்பியலைக் காப்பாற்ற முடியாது. வெளியே போக வழியில்லாததால் ஒரு துறைக்குள் அமர்ந்திருப்பவர்களால் அந்தத் துறைக்கு என்ன பெருமை?

*

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம்.

ராஜத்தின் கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. காலப்போக்கில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கான நான்காண்டுப் படிப்பே அங்கே நிலைபெற்றது. பி.எஸ்ஸி. பட்டதாரிகளுக்கென்றே இருந்த தனி வகுப்பு மறைந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்காக மூன்றாண்டுப் பி.இ. படிப்பைப் பல்லாண்டுகள் நடத்தியது, அதுவும் இன்றில்லை.

இன்று எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள்.

முதலாவது, பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருந்து பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் இது அனுமதிக்கப்பட்டுள்ளது. காகிதத்தில் பார்த்தால் குரோம்பேட்டைத் திட்டமேதான்: மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டுகள், கையில் பி.இ. பட்டம். ஆனால் இது அறிவியல் பட்டதாரியை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடன்று. பாலிடெக்னிக் மாணவர்களுக்காகச் செய்தது. பட்டயப் படிப்பினரைக் கொண்டு இடங்களை நிரப்பிய பின்னரே பி.எஸ்ஸி.யினரைக் கருத வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதியிலேயே நெடுங்காலம் எழுதியிருந்தார்கள். பொறியியல் வரைபடமும் இயக்கவியலும் முதலாண்டுப் பாடங்கள். அவற்றை இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்தே பி.எஸ்ஸி. மாணவர் எழுதித் தேற வேண்டும் என்பதும் விதி. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுகள் பட்டறையில் அரத்தோடும் வரைபலகையோடும் பழகியவனும், வரைபலகையையே கண்டிராத இயற்பியல் பட்டதாரியும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் விடப்படுகிறார்கள். அவன் நீந்துகிறான், இவள் தத்தளிக்கிறாள். பிறகு, பி.எஸ்ஸி. படித்தவர்களுக்குப் பொறியியல் வராது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இரண்டாவது வழி முதுகலை. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கேட் தேர்வில் இயற்பியல் தாளை எழுதி, எம்.டெக். சேரலாம். பொருளறிவியல், திண்மநிலைத் தொழில்நுட்பம், அணுக்கருப் பொறியியல், லேசர் மற்றும் ஒளியியல் சார்ந்த படிப்புகள் ஆகியவற்றில் இயற்பியலாருக்கு இடமுண்டு. மூன்று, இரண்டு, இரண்டு என ஏழாண்டுகள். பி.இ. படித்தவன் ஆறே ஆண்டுகளில் அதே எம்.டெக். பட்டத்தோடு வெளியே வந்துவிடுகிறான். ஓராண்டு கூடுதல் என்பது பெரிய செய்தியன்று. அதன்பின் வருவதுதான் செய்தி. பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக வேண்டுமானால் பி.இ., எம்.இ. இரண்டும் உரிய பிரிவில் வேண்டும் என்கிறார்கள். அரசின் பொறியாளர் பணிகளுக்கான தேர்வுகள் பி.இ. பட்டத்தையே கேட்கின்றன. எம்.எஸ்ஸி.யும் எம்.டெக்.கும் வைத்திருப்பவர் பொறியாளர் கணக்கிலும் வராமல், இயற்பியலார் கணக்கிலும் முழுதாக வராமல் நடுவே நிற்கிறார். திரிசங்கு சொர்க்கம் என்ற சொல்லை நாம் இதற்காகத்தான் வைத்திருக்கிறோம் போலும்.

மேலும் இந்த இரண்டாம் வழி என் மாணவிக்குப் பயன்படாது. அவளுக்கு வேண்டியது லேசர் அன்று, அணை. நீரியல் சார்ந்த எம்.இ. படிப்புகள் பெரும்பாலும் கட்டுமானப் பொறியியல் போன்றதொரு பி.இ. பட்டத்தையே கேட்கின்றன.

நியாயமாக ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். அணுசக்தித் துறை 1957 முதல் மும்பையில் நடத்திவரும் பயிற்சிப் பள்ளி, இயற்பியல் முதுகலைப் பட்டதாரிகளையும் பொறியாளர்களையும் ஒருங்கே எடுத்துப் பயிற்றுவித்து அணு உலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் அனுப்புகிறது. உதவித்தொகையும் கொடுத்துப் பணியும் கொடுக்கிறது. கல்பாக்கத்தில் எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் இன்று அறிவியலாளர்களாக இருப்பது அதனால்தான். தேவை உண்மையாக இருக்கிற இடத்தில் பட்டத்தின் பெயர் தடையாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

*

அவளுடைய கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் ஏன் சுவருக்குப் பின்னால் புகுந்து போயிற்று?

தளவானூர் தடுப்பணை ஏறத்தாழ 25 கோடி ரூபாயில் 2020இல் கட்டி முடிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் ஒரு பக்கக் கரைச்சுவர் சரிந்தது. அவ்வாண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கமும் போனது. அதே வெள்ளத்தில், 1949-50இல் கட்டப்பட்டு எழுபதாண்டுகள் நின்ற எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. அந்த உடைப்புகளுக்கு யார் பொறுப்பு என்பது வேறு கட்டுரைக்கான விஷயம். எனக்கு வேண்டியிருந்தது பொதுவான ஒரு விளக்கம். பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார்.

மணல் ஆற்றில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் அதன் ஒரு பக்கம் நீர் உயரும், மறுபக்கம் தாழும். அந்த உயர வேறுபாடு நீரைச் சும்மா இருக்கவிடாது. மேலே வழியில்லையென்றால் அடிமணலிலும் பக்கக் கரையிலும் ஊடுருவும். வெளியேறும் இடத்தில் அதன் வேகம் மிகுந்தால் மணல் துகள்களைப் பெயர்த்துக்கொண்டு போகும். ஒரு துகள் போன இடத்தில் நீர் இன்னும் எளிதாக நுழையும். இப்படி மண்ணுக்குள்ளேயே குழாய் போல ஒரு வழி உண்டாகிவிட்டால், மேலே எத்தனை உறுதியான கான்கிரீட் இருந்தாலும் அது அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை வியக்க வைத்தது. 1920களில் பஞ்சாபின் கால்வாய்க் கட்டுமானங்கள் சில இப்படிச் சேதமுற்றபோது, கோஸ்லா என்ற பொறியாளர் இதை ஆராய்ந்தார். போஸ் என்ற கணித அறிஞரும் டெய்லர் என்ற ஆய்வாளரும் உடன் சேர்ந்தார்கள். மூவரும் 1936இல் வெளியிட்ட நூல் இன்றும் இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் பாடம். மண்ணுக்கடியில் ஊறும் நீர் எந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது தெரியுமா? லாப்லாஸ் சமன்பாட்டுக்கு. நிலைமின்னியலில் மின்னழுத்தத்துக்கு எழுதுகிறோமே, அதே சமன்பாடு. அணைக்கடியில் நீர் ஊறும் விதத்தை மின்சார மாதிரி ஒன்றில் மின்னழுத்தத்தை அளந்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார் நண்பர்.

மறுநாள் இதை அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. அவளுக்கு முழுதும் புரிந்தது. "ஐயா, லாப்லாஸ் எங்களுக்கு இருக்குதே" என்றாள். ஆம், அவளிடம் இருக்கிறது. கேள்வியும் இருக்கிறது, சமன்பாடும் இருக்கிறது. அவள் தேடிய விடை பெர்னூலி தேற்றத்தில் இல்லை. அவளே படித்துத் தேர்ந்த வேறொரு தாளில் இருந்தது. இரண்டையும் இணைத்துக் காட்ட ஓர் ஆசிரியரும், வரையக் கற்றுக்கொள்ள ஒரு பலகையும், மண்ணைச் சோதிக்க ஓர் ஆய்வகமும் இல்லை. அவ்வளவுதான் குறை. அந்தக் குறைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தகுதியின்மை.

*

நான் கேட்பது பெரிய மாற்றமன்று. எங்கள் மாவட்டத்திலேயே விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. பேருந்தில் சில நிமிடத் தூரம். ஆனால் ஒன்றின் மாணவர் மற்றதன் வாசலை மிதித்ததில்லை. இவற்றில் ஒரு கல்லூரியிலாவது பி.எஸ்ஸி. இயற்பியல், கணிதப் பட்டதாரிகளுக்கென ஒரு தனி மூன்றாண்டுப் பி.இ. வகுப்பைத் தொடங்கலாம். முதல் பருவம் முழுவதையும் வரைபடத்துக்கும் இயக்கவியலுக்கும் பட்டறைக்கும் ஒதுக்கலாம். அவர்கள் ஏற்கெனவே கற்ற இயற்பியலையும் கணிதத்தையும் மறுபடி நடத்தி வீணாக்க வேண்டியதில்லை. மூன்றாண்டு முழுதும் படிக்க இயலாதவர்களுக்காக, பி.எஸ்ஸி. படிக்கும்போதே விடுமுறைகளில் பொறியியல் கல்லூரிப் பட்டறையைத் திறந்துவிடலாம். எம்.எஸ்ஸி.யோடு எம்.டெக். முடித்தவர்களைப் பணித் தேர்வுகளில் பொறியாளராக ஏற்கலாம்.

ஏற்கெனவே வேலையில்லாப் பொறியாளர்கள் நிறைந்த நாட்டில் இன்னும் பொறியாளர்களா என்று கேட்பீர்கள். நான் புதிய இடங்களைக் கேட்கவில்லை. ஆண்டுதோறும் நிரம்பாமல் கிடக்கும் இடங்களில் சிலவற்றை, காரணம் தெரிந்து தேடி வருகிறவர்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். பதினேழு வயதில் அப்பா சொன்னதற்காகப் பொறியியல் சேர்ந்தவனைவிட, இருபது வயதில் ஓர் உடைந்த சுவரைப் பார்த்துவிட்டு அதே கேள்வியோடு வருகிறவள் நல்ல பொறியாளராக வருவாள் என்று சொல்லப் புள்ளிவிவரம் எதுவும் தேவையில்லை. கற்பித்துப் பழகியவர்களுக்கு அது தெரியும்.

கம்பனுக்கு எங்கள் ஊர்ச் சடையப்பர் இருந்தார். குரோம்பேட்டைக்கு ராஜம் இருந்தார். கலாமுக்குத் தமக்கையின் வளையல் இருந்தது. வள்ளல்கள் வாய்ப்பது ஊழ். அதை நம்பிக்கொண்டு ஒரு நாட்டின் கல்வி நடக்க முடியாது. அதற்காகத்தான் அரசு என்ற ஒன்றை வைத்திருக்கிறோம்.

அந்த மாணவி இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். வரைபடத்தையும் இயக்கவியலையும் மற்றப் பாடங்களோடு சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தேன். "பாத்துக்கறேன் ஐயா" என்றாள். பார்த்துக்கொள்வாள் என்றே நினைக்கிறேன். ஆனால் அவளைப் போலத் துணியாமல், கேட்காமலே போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது, இருபத்தைந்து ஆண்டுகளாக என் வகுப்பின் கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.